விசில் சேர் ஊதாத நேரம்

விசில் சேர் இருக்கிற இடத்தில் ஒரு மனிதன் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. கற்பிட்டிப் பக்கத்தில் நோய்நொடி குறைவு, கடற்காற்றுத்தான் காரணம் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. நோய் வந்தால் விசில் சேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் எங்கள் சனம் சுகமாகவே இருந்துவிடுகிறது.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் பார்த்து வைத்த அழகான பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். மற்றபடி மாணவருக்கும் பெற்றோருக்கும் மீன் விற்கிறவருக்கும் பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவருக்கும் அவர் விசில் சேர்தான். எங்கள் ஊரில் ஆசிரியர் என்றால் சேர்; இவர் எங்கள் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறார். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் விசில். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார், தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று கேள்வி. ஒருநாள் அவருடைய மனைவியிடமே கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"என்னத்தச் சொல்ற சேர். தேத்தண்ணிக்குச் சீனி கொறஞ்சாலும் ஊதுற, கூடினாலும் ஊதுற. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் மைதானத்திலதான் குடும்பம் நடத்துறன்."

எங்கள் பாடசாலைக்கு ஒரு பக்கம் களப்பின் உப்புத் தண்ணீர், மறுபக்கம் கடல், நடுவில் காற்று. காற்றுக்கு மட்டும் நேரசூசி கிடையாது. அது கணக்குப் பாடத்திலும் வரும், சமயப் பாடத்திலும் வரும். வெண்கட்டித் தூளை அள்ளி ஆசிரியரின் கண்ணில் போடும். உப்பளத்திலிருந்து உப்பைக் கொண்டுவந்து பிள்ளைகளின் உதட்டில் வைக்கும். கரும்பலகையில் நான் எழுதிய ஒரு நல்ல வரியைத் துடைத்துவிட்டு, அதைவிட நல்ல வரியொன்றைக் களப்பின் மேல் எழுதிக் காட்டிவிட்டுப் போகும். அந்தக் காற்றோடு போட்டிபோட்டு ஊதியே விசில் சேரின் கன்னம் இரண்டும் பன் போல உப்பிவிட்டன என்பது ஸ்டாஃப் ரூம் ஆராய்ச்சி.

மைதானத்தின் உண்மையான சொந்தக்காரர் கழுதைகள். புத்தளம் வீதிகளில் திரிகிற அந்தச் சாம்பல் நிறப் பிரமுகர்களில் ஒரு குடும்பம் எப்படியோ எங்கள் பக்கம் குடியேறிவிட்டது. விசில் சேர் ஒருமுறை ஊதினால் கழுதைகள் வெளியே போக வேண்டும், இரண்டுமுறை ஊதினால் பிள்ளைகள் வரிசைக்கு வர வேண்டும். சில நாட்களில் இது மாறி நடப்பதும் உண்டு. கழுதைகள் அழகாக வரிசையில் நிற்கும். ஒன்பதாம் வகுப்பு வேலியைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

முதலுதவி படிப்பிப்பதற்கு ஒரு ரப்பர் பொம்மை வேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். பொம்மை வரவில்லை. இடமாற்றம் பெற்று நான் வந்தேன்.

மெலிந்த உடம்பு, தூக்குவதற்கு லேசு, மறுத்துப் பேசத் தெரியாத தமிழாசிரியன். பார்த்த முதல் நாளே அவர் கண்கள் என்னை அளவெடுத்ததை நான் கவனித்தேன். அப்போது அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"சேர், ஒங்களுக்கு மூணாம் பாடவேளை சும்மாதானே?"

"ஓம்."

"அப்ப வந்து கொஞ்சம் மயங்குங்க."

அன்றிலிருந்து நான் மயங்காத வாரமில்லை. களப்பில் மூழ்கினேன். தென்னையிலிருந்து விழுந்தேன். பாம்பு கடித்தது. வெயில் சுட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு மணலில் கிடக்க, மேலே முகில்கள் போகிற சத்தம் கேட்கும்போல இருக்கும். விசில் சேர் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்: "மூக்கால ரெத்தம் வந்தா என்ன செய்வீங்க? அண்ணாந்து பாக்கிறயா? ஒங்கட வாப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார். பிழை. ரெத்தம் தொண்டைக்குள்ள போகும். முன்னுக்குக் குனிங்க, மூக்கிட மெத்துன இடத்தப் பிடிங்க, வாயால மூச்செடுங்க. சேர், நீங்க செத்துப்போன ஆள் இல்ல, நீங்களும் வாயால எடுங்க!"

ஒருநாள் எனக்கு எலும்பு முறிந்தது. கையை முக்கோணத் துணியால் கழுத்தோடு கட்டி, தலைக்கும் ஒரு கட்டுப் போட்டு முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். கழுதைகள் உள்ளே வந்துவிட்டதால் விசில் சேரும் ஓடினார். முடிச்சு முதுகுப் பக்கம். எனக்குக் கை எட்டவில்லை. கட்டோடு போய் அடுத்த பாடத்தை நடத்தினேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக என் வாழ்நாளில் இருந்ததில்லை.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னரே செய்தி அடுத்த ஊரான எத்தாளைக்குப் போய்விட்டது. தமிழ் சேர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டாராம், லொறியாம், லொறிக்காரன் ஓடிவிட்டானாம். பிஸ்கட்டோடும் இளநீரோடும் ஆட்கள் வந்தார்கள். கட்டை அவிழ்த்துவிட்டுக் கதிரையில் முழுசாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு பெரியவர் மிகவும் மனம் நொந்துபோனார்.

"ஒரு கீறலும் இல்லியே, தம்பி!"

என் மனைவி யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. பிஸ்கட் நல்ல பிஸ்கட்.

இன்னொரு நாள் சிற்றுண்டிச்சாலை நடத்துகிற ராத்தாவின் கையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்துவிட்டது. நொடியில் ஸ்டாஃப் ரூமே வைத்தியசாலை ஆயிற்று. ஒருவர் பற்பசையோடு ஓடினார், ஒருவர் தேங்காயெண்ணெயோடு ஓடினார். விசில் பறந்தது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். அவர் ராத்தாவின் கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பற்பசையைப் பறிமுதல் செய்தார்.

"பல்லு விளக்கிற சாமானக் கையில பூசிறீங்க. அப்ப பல்லு வலிச்சா எண்ணெச் சட்டிக்குள்ள தலையப் போடுவீங்களா?"

"தம்பி, அடுப்பில ரோல்ஸ் இரிக்கி..." என்றார் ராத்தா, அழுதபடி.

"ரோல்ஸ் கருகட்டும். தண்ணியால கைய எடுக்கப்படா."

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கருகிய ரோல்ஸ்தான் சாப்பிட்டோம். ராத்தாவின் கையில் தழும்புகூட விழவில்லை. விசில் சேருக்கு மட்டும் இப்போதும் இஞ்சித் தேத்தண்ணி பெரிய கோப்பையில் வருகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு செடி குறுக்கே வந்தது.

எங்கள் பாடசாலை அதிபர் நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, தாராளமான வயிறு, பரீட்சைப் பெறுபேற்றைத் தவிர வேறு கனவு கிடையாது. அவருடைய மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் மணி பிளாண்ட் கொடியொன்று வளர்ந்தது. அது வந்த பிறகுதான் பாடசாலையின் பெறுபேறு ஏறியது என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே தண்ணீரை மாற்றவும் விடமாட்டார்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்த நாள். அதிபரின் அறையில் கூட்டம். கதவைத் தட்டினார் விசில் சேர். பின்னால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சத்தமில்லாமல் ஒரே வரிசையில் நின்றது.

"மன்னிக்கணும் சேர். நுளம்புட வாழ்க்கை வட்டம் படிப்பிக்கிறன். ஊரெல்லாம் தேடினன், ஒரு குடம்பிப் புழுகூட இல்ல. ஒங்கட மேசையில மட்டும்தான் இரிக்கி."

அதிபர் வாய் திறக்க முன்னரே பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"நல்லாப் பாருங்க புள்ளையள். தலைகீழாத் தொங்குது என்னா? வால்பக்கத்தாலதான் மூச்செடுக்கிற. இதுதான் குடம்பி. அங்க சுருண்டு கிடக்கிறது கூட்டுப்புழு. நாளைக்கோ நாளண்டைக்கோ பறந்திடும்."

அதிகாரிகளில் ஒருவர் இரண்டு காலையும் மெல்லக் கதிரைக்கு மேலே எடுத்துக்கொண்டார். "இது என்ன நுளம்பு?" என்று கேட்டார்.

"பிரின்ஸிபல் சேர் வளக்கிற நுளம்பு."

அடுத்த வாரம் அறிவித்தல் பலகையில் புதிய நேரசூசி தொங்கியது. ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் இருந்த இரண்டு உடற்கல்விப் பாடவேளையும் கணக்குக்குப் போய்விட்டன. புதிய தவணையின் முதல் நாளிலிருந்து அமுல்.

பழிவாங்கல் என்று நான் சொல்லமாட்டேன். அதிபருக்குக் கணக்கின்மேல் உண்மையான காதல். நுளம்பு அந்தக் காதலுக்கு ஒரு வேகத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் விசில் சேர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சாவு விழுந்த மையித்து வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றார். பிறகு நேராக அதிபரிடம் போனார். நானும் பின்னால் போனேன். விழுந்தால் பிடிக்க ஓராள் வேண்டும் என்று அவர்தானே படிப்பித்திருக்கிறார்.

"சேர், இதக் கணக்குக்குக் குடுத்தா புள்ளையள்ட ஒடம்புக்கு என்ன செய்ற?"

"ஓடத்தானே? பின்னேரம் ஓடட்டும்."

"ஓட்டம் மட்டுமில்ல சேர். ஒராள்ட தொண்டையில சாப்பாடு இறுகினா என்ன செய்றண்டு நான் ஒம்பதாம் வகுப்புக்குத்தான் காட்டிக் குடுக்கிறன்."

"இந்த ஊர்ல யார்ட தொண்டையிலயும் ஒண்டும் இறுகல்ல சேர். புள்ளையள்ட தலையிலதான் ஒண்டும் ஏறல்ல."

"அப்ப ஒரு நாள் வந்து பாருங்க. பாத்திட்டு வெட்டுங்க."

அதிபர் வந்தார். வேப்பமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, காலுக்குமேல் கால் வைத்து, பிழை பிடிப்பதற்கென்றே உட்கார்ந்தார். விசில் சேர் அன்றைக்குத் தொண்டை இறுகல் பாடத்தை எடுத்துக்கொண்டார். நோயாளி, வழக்கம்போல, நான்.

"முதல்ல கேளுங்க, கதைக்க ஏலுமாண்டு. இருமினா இரும விடுங்க, ஒண்டும் செய்யாதீங்க. இருமவும் ஏலாம, கதைக்கவும் ஏலாம தொண்டையப் பிடிச்சா, இப்படி முன்னுக்குச் சாய்ச்சு, தோள் ரெண்டுக்கும் நடுவால, உள்ளங்கையிட அடிப்பக்கத்தால அஞ்சு அடி. வரல்லியா? பின்னால நிண்டு, கையப் பொத்தி வயித்தில வெச்சு, மத்தக் கையால பிடிச்சு, உள்ளுக்கும் மேலுக்குமா இழுக்கணும். அதும் அஞ்சு. சுகமா இரிக்கிற ஆளுக்கு உண்மையா அமத்தக் கூடா. இப்ப நான் சேருக்குச் சும்மா காட்டுறதுதான்."

சும்மா காட்டினாலும் எனக்கு இடுப்பில் கூச்சம். மூச்சு முட்டிச் சாகவேண்டிய நான் கிக்கிக் என்று சிரித்துவிட்டேன். பிள்ளைகள் மணலில் விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கழுதைக் குடும்பமும் வந்து அரைவட்டமாக நின்று பார்த்தது. அதிபர் மட்டும் சிரிக்கவில்லை.

"கை சரியா எங்க வரணும்?"

"தொப்புளுக்குக் கொஞ்சம் மேல சேர், நெஞ்செலும்புக்கு நல்லாக் கீழ."

அதிபர் தன்னுடைய வயிற்றைத் தடவிப் பார்த்தார். அந்தப் பெரிய பரப்பில் தொப்புளைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "உள்ளுக்கு முதலா, மேலுக்கு முதலா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்டா." "அஞ்சுக்கும் வரல்லண்டா?" "திரும்ப முதுகில. மாறி மாறி. ஆஸ்பத்திரிக்கும் சொல்லி அனுப்பணும்." கேள்விக்கு மேல் கேள்வி. எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. எழுந்து கதிரையைத் தூக்கிக்கொண்டார்.

"நல்ல கூத்து. ஆனா ஒரு கூத்துக்கு ரெண்டு பாடவேளை கூடிப்போச்சு."

அன்று பின்னேரம் விசில் சேர் களப்புப் பக்கத்து மதிலில் இருந்தார். தண்ணீர் தகரம்போலக் கிடந்தது. தூரத்தில் ஒரு வள்ளம், அசையாமல், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன செருப்பைப்போல. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"விடுங்க சேர். ரெண்டு பாடவேளைதானே."

"நம்மட புள்ளையள் பாதி கடலுக்குப் போகுது, பாதி உப்பளத்துக்கும் தோட்டத்துக்கும் போகுது. டொக்டர் வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் சேர். பக்கத்தில நிக்கிறது இன்னொரு புள்ளதான். அந்தப் புள்ளைக்கு ஒண்டும் தெரியாட்டி, அது என்ன செய்யும்? பாத்துக்கிட்டு நிக்கும். வேறென்ன செய்ற?"

சொல்லிவிட்டு விசிலைக் கயிற்றோடு சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டார். அந்தத் தவணை முடியும்வரை அவர் ஊதவேயில்லை. கழுதைகள்கூடக் குழம்பிப்போய், தாங்களாகவே வெளியே போய் நின்றன.

தவணை விடுமுறையில் கணக்கு டீச்சரின் மகளுக்குக் கல்யாணம். விசில் சேரின் பாடவேளை இரண்டும் யாருக்குப் போயிற்றோ, அதே கணக்கு டீச்சர். "நீங்க வரமாட்டீங்கதானே?" என்று கேட்டேன். விசில் சேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கல்யாணம் வேற, நேரசூசி வேற. சஹன் சோத்தோட எனக்கு ஒரு கோவமுமில்ல."

எங்கள் கல்யாண வீடுகளில் சாப்பாடு சஹனில். பாயில் வெள்ளைச் சீலை விரித்து, பெரிய வட்டத் தட்டொன்றில் சோற்றைக் குவித்து, இறைச்சியும் கோழியும் அச்சாறும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆறு பேர் சேரும்வரை தட்டு வராது. ஐந்து பேர் பசியில் செத்தாலும் வராது. எங்கள் பாயில் நான், விசில் சேர், இன்னும் மூன்று ஆசிரியர்கள். பரிமாறுகிறவர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இங்க ஒராள் கொற! ஒராள் வாங்க!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரிய வெள்ளைச் சட்டையைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் வட்டத்தில் இருத்தினார்கள். அதிபர். இருந்த இடம் விசில் சேருக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் சொல்லவில்லை. ஒரே தட்டில் சாப்பிடப்போகிற இரண்டு பேர் அவ்வளவு தூரத்தில் இருந்ததை நான் பார்த்ததில்லை.

கை கழுவச் செம்பும் படிக்கமும் வந்தன. எல்லோரும் தண்ணீருக்கு விரலைக் காட்டிவிட்டு எடுப்பதுதான் வழக்கம். விசில் சேர் சட்டைப் பைக்குள்ளிருந்து சவர்க்காரத்தை எடுத்தார். விரல் இடுக்கு, நகக்கண், புறங்கை. செம்பைப் பிடித்திருந்தவரின் கை கடுத்துப்போயிற்று. பிறகு சவர்க்காரம் எங்களைச் சுற்றி வந்தது.

"இங்கயும் பாடவேளையா?" என்றார் அதிபர்.

"இத நீங்க கணக்குக்குக் குடுக்க ஏலா சேர்."

சோறு வந்தது. நெய்யும் ஏலமும் மணத்தன. அதிபர் பசியோடு வந்தவர். பெரிய பெரிய கவளமாக எடுத்தார். விசில் சேர் பார்த்தார், பொறுத்தார், இன்னும் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"மெல்ல சேர். நல்லா மெண்டு முழுங்குங்க. இறைச்சி பெரிய துண்டு. சாப்பிடக்குள்ள கதைக்கவும் கூடா."

"நீங்கதானே கதைக்கிறீங்க?"

விசில் சேரின் வாயில் அப்போது ஒரு முழு இறைச்சித் துண்டு இருந்தது.

"நான் கதைக்கல்ல சேர், படிப்பி..."

அந்தச் சொல் முடியவில்லை.

கண்கள் விரிந்தன. இரண்டு கையும் தொண்டைக்குப் போயின. நாங்கள் ஒருவரும் பதறவில்லை. வாராவாரம் அவர் மைதானத்தில் செய்து காட்டுகிற அதே காட்சி! சமயபாட ஆசிரியர், "நல்லாச் செய்றார்" என்று சொல்லிக்கொண்டே அச்சாற்றைத் தன் பக்கம் இழுத்தார். நானும், கல்யாண வீட்டிலுமா என்று சலித்துக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தேன்.

விசில் சேர் சட்டைக்குள்ளிருந்து விசிலை இழுத்து உதட்டில் வைத்தார். கன்னத்தை இறுக்கினார். சத்தம் வரவில்லை.

எத்தனை காற்றை வென்ற விசில் அது! களப்பு முழுவதும் கேட்ட விசில். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உதட்டிலிருந்து அது வழுகி நெஞ்சில் விழுந்தது. முகம் நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்! தண்ணி! தண்ணி குடுங்க!"

"தலையில தட்டுங்க, உச்சியில தட்டுங்க!"

"வெறுஞ்சோத்த உருட்டி வாய்க்குள்ள வைங்க, அமந்து போகும்!"

ஓராள் உண்மையிலேயே சோற்றை உருட்டிவிட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எத்தனையோ முறை இதே பாடத்தில் முன்னணியில் இருந்தவன் நான். ஆனால் எப்போதும் நோயாளியாக. பாடத்தில் என் பங்கு கண்ணை மூடிக்கொண்டு சாய்வது மட்டும்தான். பழக்கதோஷத்தில் நான் பாயில் பாதி சாய்ந்துவிட்டேன். இன்றைக்கு நோயாளி நான் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

எழும்பியது அதிபர். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக எழும்பும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். "தள்ளுங்க! தண்ணி வேணாம்!" என்றார். விசில் சேரைத் தூக்கி நிறுத்தி, "கதைக்க ஏலுமா?" என்று கேட்டார். ஏலாது. முன்னால் சாய்த்தார். ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு நடுமுதுகில் உள்ளங்கையால் அடித்தார். ஐந்து. வரவில்லை. பின்னால் போனார். கையைப் பொத்தினார். தொப்புளுக்கு மேலே. உள்ளுக்கும் மேலுக்கும். விசில் சேரின் கால்கள் பாயை விட்டு எழும்பின. இன்னுமொருதரம். கல்யாண வீடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. இன்னும் ஒன்று.

இறைச்சித் துண்டு பறந்தது. பக்கத்துச் சஹனின் நட்டநடுவில் போய் விழுந்தது. அங்கிருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள்.

விசில் சேர் இருமினார். இழுத்தார். மறுபடி இருமினார். முகத்தில் நிறம் மெதுவாகத் திரும்பி வந்தது, களப்பில் விடிகிற மாதிரி. கை நெஞ்சைத் தடவி விசிலைத் தேடியது. வாயில் வைத்தார். ஊதினார்.

கீச் என்று ஒரு கோழிக்குஞ்சுச் சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு இத்தனை பேர் ஒரே குரலில் "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதல் வார்த்தை வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதிபர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கை... கொஞ்சம்... மேல போச்சு சேர்."

"புள்ளியக் கொறைக்காதீங்க மனுஷன்!" என்றார் அதிபர். சொல்லிவிட்டுத் தொப்பென்று பாயில் இருந்தார். "நான் பிழை பிடிக்கத்தான் வந்து பாத்தன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "பிழை பிடிக்க ஏலாமத்தான் பாடமாகிட்டுது."

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து கணக்கு டீச்சரின் குரல் வந்தது. அழுகையும் ஆத்திரமுமாக.

"என்ட ஊட்டுக் கல்யாணத்தில ஒரு மையித்து விழப்பாத்திச்சே! பிரின்ஸிபல் சேர், அந்த ரெண்டு பாடவேளையும் எனக்கு வேணாம். அவருக்கே குடுத்திடுங்க. நான் சனிக்கிழமையில கணக்குப் படிப்பிச்சுக்கிறன்!"

அதிபர் வியர்வையைத் துடைத்தார். நிர்வாகி நிர்வாகிதான்.

"ஒண்டு குடுப்பம்."

விசில் சேருக்கு இன்னும் குரல் சரியாக வரவில்லை. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"சரி, ரெண்டு. இனி வாயத் தொறக்காமச் சாப்பிடுங்க."

ஆனால் அவர் சாப்பிடவில்லை. வயிற்றில் அமர்த்தினால் உள்ளே ஏதும் காயமிருக்கிறதா என்று கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும், அதுவும் பாடம்தான் என்று கீச்சுக் குரலில் சொல்லி எழும்பிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கடைசி இனிப்பாக வட்டலப்பம் வந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையை விவரிக்க என்னிடம் தமிழ் இல்லை. என் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது என் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்தார். தளர்வாக இருக்கிறது என்று இறுக்கினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைப் பரிசோதித்ததைவிட அவர் டொக்டரை விசாரித்ததுதான் அதிகம்.

ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வந்தால் மர வாங்கில் அதிபர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணச் சட்டை, சட்டையில் குழம்பு, கையில் மூடி போட்ட ஒரு கோப்பை. வட்டலப்பம். கரண்டியும் கொண்டுவந்திருந்தார்.

"மெல்லச் சாப்பிடுங்க," என்றார். "நான் ஒண்டும் கேக்கமாட்டன். நீங்க ஒண்டும் சொல்லாதீங்க."

அந்த வாங்கில் மூன்று பேரும் இருந்தோம். விசில் சேர் ஒவ்வொரு கரண்டியாக, ஒரு வார்த்தையும் பேசாமல், கடைசிவரை சாப்பிட்டார். அப்படியொரு அமைதியை அவரிடம் அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இப்போது அதிபரின் மணி பிளாண்ட் மண் சட்டிக்கு மாறிவிட்டது. பெறுபேறு விழவில்லை. ஒன்பதாம் வகுப்பின் அந்த இரண்டு பாடவேளையும் அதே இடத்தில் இருக்கின்றன. ரப்பர் பொம்மை இன்னும் வரவில்லை, நான் மயங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு வாரம் நான் நோயாளி என்றால் அடுத்த வாரம் அவர் நோயாளி, முதுகில் தட்டுவது நான்.

மற்ற நேரங்களில் மைதானத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் விசில் கேட்டால் ஜன்னலைச் சாத்துவேன். இப்போது திறந்துதான் வைத்திருக்கிறேன். சில நாட்களில் அந்தச் சத்தம் கொஞ்சம் பிந்திவிடும். வசனத்தின் நடுவில் நின்று ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். அங்கே கழுதைகளும் மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, அதே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விசில் வரும். கழுதைகள் புல்லுக்குக் குனியும். நான் புத்தகத்துக்குக் குனிவேன்.